மூன்றாண்டுச் சலவை இயந்திரத்தின் பேரிங்: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். ஜெர்மனியில் நீங்கள் மூன்றாண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தில், டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்து, டிரம் சுழலும்போது கடகடவென்று இரைகிறது என்றும், உதிரிபாகம் கிடையாது என்று தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார் என்றும் எழுதி, பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விற்பனையாளரின் இரண்டாண்டுச் சட்டப் பொறுப்பு முடிந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஆனால் 2021 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளுக்கு மோட்டார், பம்ப், டிரம், பேரிங் போன்றவை தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு, ஆர்டர் பெற்ற 15 வேலை நாட்களுக்குள் கிடைத்தாக வேண்டும். எனவே "இல்லை" என்ற பதிலை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, உங்கள் மாநில நுகர்வோர் ஆலோசனை மையத்திடம் காட்டுங்கள். பேரிங்கை டிரம்முடன் சேர்த்தே விற்கவும் விதி இடமளிக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் எஃகு வளையத்துக்காக முழு டிரம்முக்கும் பணம் கட்டவைக்கும் இந்த ஓட்டை அடைக்கப்பட்டே ஆக வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் வேறு. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சோசலிச, ஜனநாயகக் குழு என்ற கட்சி அணியைச் சேர்ந்த ஜெர்மன் உறுப்பினர் ரெனே ரெபாசி, வரைவைச் சபையில் வழிநடத்தும் அறிக்கையாளராக நின்று முன்னெடுத்த அதை, அந்த நாடாளுமன்றம் 2024 ஏப்ரல் 23 அன்று 584 ஆதரவு வாக்குகளுடன் ஏற்றது. உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய நாள் 2026 ஜூலை 31. உத்தரவாதம் முடிந்த பிறகும் சலவை இயந்திரத்தை நியாயமான விலையில் பழுதுபார்த்துத் தரும் கடமையை அது தயாரிப்பாளர்மீது சுமத்துகிறது. முன்பு வேறொருவர் பழுதுபார்த்தார் என்பதை மட்டும் காரணமாகக் காட்டித் தயாரிப்பாளர் மறுக்க முடியாது.