பக்கவாதத்துக்குப் பிறகு மனசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம். கை ஓரளவு தேறியும் பிசியோதெரபி என்றாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சோம்பேறித்தனமா?

பதில்: இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு பிடிக்கிறது. இழப்பின் துக்கம் ஒரு காரணம். மூளையில் ஏற்பட்ட சேதமும் ஒரு காரணம். தூக்கம், பசி, பேச்சு குறைந்து இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். “தைரியமா இருங்க” என்பதால் எதுவும் நடக்காது.

கேள்வி: “நான் போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்கு நிம்மதி” என்கிறார் அம்மா. அதைப் பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா?

பதில்: ஆகாது. இந்தப் பயத்தால்தான் பல வீடுகளில் யாரும் வாயைத் திறப்பதில்லை. டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: “அம்மா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். பேசவிடுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால் தனியாக விடாமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பக்கவாதம் வந்தவர்களிடம் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம்; முதல் ஓரிரு ஆண்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்று, மாத்திரை டப்பா. பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க என்று மாசக்கணக்கில் தலைமாட்டிலேயே கிடக்கும். அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் கையில் கொடுங்கள், மீதி பூட்டுக்குள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் கை கால் சீக்கிரம் வருமாமே?

பதில்: ஃபுளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை வைத்து அப்படியொரு நம்பிக்கை இருந்தது. 2018-லும் 2020-லும் வெளியான பெரிய ஆய்வுகளில் கை கால் மீட்சிக்கு அது உதவவில்லை. எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வே இருந்தால் கதை வேறு, மாத்திரை உதவும். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

கேள்வி: கணவர் திடீரென்று அழுகிறார், அடுத்த நிமிடம் சாதாரணமாகிவிடுகிறார்.

பதில்: அழுகையை அடக்கும் மூளைப்பாதை பழுதானாலும் இப்படி வரும். உள்ளே துக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கும் மருந்து உண்டு.

கேள்வி: பேச்சே போய்விட்டவரிடம் எதைக் கேட்பது?

பதில்: ஆம், இல்லை என்று தலையாட்டும்படி கேளுங்கள், சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று படங்களைக் காட்டி, மனசு எப்படி இருக்கிறதோ அதைத் தொடச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் சாப்பாட்டைத் தள்ளுகிறாரா, பேரப்பிள்ளை வந்தால் கண் திரும்புகிறதா என்று கவனித்து எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் காகிதம்தான் அவருடைய பேச்சு.