10 ஏக்கர், 600 டாலர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ குறுநாவலை எங்கள் வாசிப்புக் குழுவில் எடுத்துப் பேசினோம். எனக்கு மூன்று சந்தேகங்கள். ஜார்ஜும், குழந்தை மனமும் பெரும் உடல் வலுவும் கொண்ட அவன் நண்பன் லென்னியும் 1930களின் வறட்சியில் ஊரைவிட்டு வந்த அகதிகள்தானே? சொந்த நிலம், முயல் வளர்ப்பு என்று அவர்கள் பேசுவது லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் காணும் கனவு மாதிரிதானே. நடக்கவே நடக்காத ஒன்று உடைந்தால் அதில் என்ன துயரம்? கடைசியில் ஜார்ஜ் லென்னியைச் சுட்டுக் கொல்வதை நட்பு என்று எப்படிச் சொல்வது? குழுவில் பாதிப் பேர் அதைக் கொலை என்றே சொன்னார்கள்.

அன்புடன்,
ஆர்.எம்.

அன்புள்ள ஆர்.எம்.,

முதல் சந்தேகம் பலருக்கும் வருவது. 1939இல் வந்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’தான் அதற்குக் காரணம். புழுதிப் புயலும் கடனும் துரத்த, தாத்தா பாட்டி முதல் சிறுபிள்ளை வரை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியா வரும் குடும்பத்தின் கதை அது. 1937இல் வந்த இந்தக் குறுநாவலின் ஆட்கள் வேறு. புழுதிப் புயலுக்கு முன்பிருந்தே அங்கே கூலிக்கு அலைந்துகொண்டிருந்த ஒண்டிக்கட்டைகளின் வகை. கம்பளியைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு அறுவடைக்கு அறுவடை பண்ணை மாறுகிறவர்கள். ஸ்டைன்பெக் சலினாஸில் பிறந்தவர். இளவயதில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இவர்களோடு கூலிவேலை செய்தவர்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் கதையின் நட்பு புரியும். அகதிகளுக்குக் குடும்பமாவது கூட வந்தது. ஒண்டிக்கட்டைக்கு யாரும் இல்லை, யாரும் இல்லாமல் இருப்பதே அங்கே இயல்பு. ஆகவே இரண்டு பேர் சேர்ந்து அலைவதைப் பார்த்ததும் முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. இவன் சம்பளத்தை நீ பிடுங்கிக்கொள்கிறாயா என்று ஜார்ஜிடம் நேராகவே கேட்டுவிடுகிறார். சோலெடாட் என்ற பக்கத்து ஊரின் பெயருக்கே ஸ்பானிய மொழியில் தனிமை என்று பொருள். (ஆசிரியர் இட்டுக்கட்டிய பெயர் அல்ல, நிஜ ஊர்.)

இனி உங்கள் லாட்டரிச் சீட்டு. இங்கே நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. லாட்டரிக்காரனிடம் கணக்கு இருக்காது. இவர்களிடம் இருக்கிறது, அதுவும் டாலர் சுத்தமாக. மூன்றாம் அத்தியாயத்தைப் பென்சிலும் கையுமாகப் படித்துப் பாருங்கள்.

ஜார்ஜ் பார்த்து வைத்திருக்கும் இடம் 10 ஏக்கர். காற்றாலை, சின்ன வீடு, கோழிக்கொட்டகை, கொஞ்சம் பழமரங்கள். விலை 600 டாலர். மாதச் சம்பளம் 50 டாலர். அதாவது ஒருவனுடைய 12 மாதச் சம்பளம், இருவர் சேர்ந்தால் 6 மாதம். அப்படியானால் ஏன் எவனும் வாங்கவில்லை? வேலை 12 மாதம் தொடர்ந்து இருப்பதில்லை என்பதால். அறுவடை முடிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அடுத்த வேலை வரும்வரை சேமிப்பைத்தான் தின்றாக வேண்டும். வீட் என்ற வடகோடி ஊரில் வம்பில் மாட்டித் தப்பி, சாலைவழியே 600 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வந்து சேரும்போது இருவரிடமும் சேர்த்து இருப்பது 10 டாலர்.

மிச்சத்தைக் கறப்பதற்குச் சனிக்கிழமை இருக்கிறது. பார்லி மூட்டை தூக்குவது நாளுக்கு 11 மணி நேரம் என்று ஜார்ஜே சொல்கிறான். மாதம் 26 நாள் என்று வைத்தால் 286 மணி நேரம்; சோறும் படுக்கையும் போக மணிக்குப் பதினேழரை சென்ட். ஊரில் இருக்கும் இரண்டு விடுதிகளில் சூசியின் விடுதி மலிவு: பெண்ணுக்கு இரண்டரை டாலர், ஒரு குவளை விஸ்கி 25 சென்ட். நான்கு குவளையோடு ஓர் இரவு கழித்தால் மூன்றரை டாலர், கிட்டத்தட்ட இரண்டு நாள் உழைப்பு. ஒரு குவளை குடிப்பேன், இரண்டரை டாலர் தர மாட்டேன் என்று ஜார்ஜ் சொல்லும் இடத்தை வெறும் ஒழுக்கமாகப் படிக்காதீர்கள். அவன் அச்சாரப் பணத்தைக் காபந்து செய்கிறான்.

பண்ணைக்கு வந்த அன்று இரவே கணக்கு தலைகீழாக மாறுகிறது. கூட்டிப் பெருக்கும் கிழவர் கேண்டி, கனவை ஓரமாகக் கிடந்து கேட்டுவிட்டு உள்ளே வருகிறார். அவரிடம் 300 டாலர் இருக்கிறது. அதில் 250, இதே பண்ணையில் போன கைக்குக் கொடுத்த நஷ்டஈடு. மாதக் கடைசியில் அவருக்கு 50 வரும், இவர்கள் இருவருக்கும் 100. மொத்தம் 450. துண்டு விழுவது 150 மட்டும். அதற்கும் ஜார்ஜிடம் வழி இருக்கிறது: முதலில் 100 டாலர் அச்சாரம் அனுப்பிப் பேசி முடிப்பது, கேண்டியும் லென்னியும் போய்த் தோட்டத்தைத் தொடங்குவது, முட்டை விற்பது, ஜார்ஜ் மட்டும் வெளியே வேலை செய்து பாக்கியை அடைப்பது. நடக்காத கனவுக்கு யாரும் அச்சாரம் கொடுப்பதில்லை.

அந்த நிலத்தின் விலையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு மனிதக் கையின் விலை. ஸ்டைன்பெக் இதை எங்கும் அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை. அதே இரவில் லென்னி இன்னொரு கையை, முதலாளி மகன் கர்லியின் கையை, நசுக்கிவிடுகிறான். எந்திரத்தில் மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்தப் பண்ணையில் அப்படி ஒரு பொய்யை யாரும் மறுபேச்சின்றி நம்புவார்கள்!

கனவில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆனால் அது இருப்பது நீங்கள் தேடிய இடத்தில் அல்ல. 600 டாலருக்கு 10 ஏக்கர் ஏன் கிடைக்கிறது? விற்கும் கிழத் தம்பதி நொடித்துப்போனவர்கள், கிழவிக்கு அறுவைசிகிச்சை வேறு செய்தாக வேண்டும். மண்ணும் காற்றாலையும் இருந்தும் அவர்களுக்கே அங்கே ஓடவில்லை. மூன்று ஆண்கள், அதில் ஒருவர் ஒற்றைக்கையர், எப்படி ஓட்டுவார்கள் என்று கூலியாட்கள் தங்கும் கொட்டடியில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கக்கூடியவர் லாயத்துச் சேண அறையில் தனியாகக் கிடக்கும் வேலையாள் குரூக்ஸ். கறுப்பர் என்பதால் சீட்டாடக்கூட உள்ளே விடமாட்டார்கள். 1905ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியா சிவில் சட்டப் புத்தகத்தைக் கந்தலாகும்வரை வைத்திருப்பவர். இதே நிலத்தைத் தலையில் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள், ஒருவன் கைக்கும் வரவில்லை என்கிறார். கேண்டியிடம் பணம் இருப்பது தெரிந்ததும் அவரே, கூலி வேண்டாம், சோறு போட்டால் நானும் வருகிறேன் என்று இறங்கி வருகிறார். கர்லியின் மனைவி தூக்கில் தொங்கவிடுவேன் என்று மிரட்டியதும் அதே வேகத்தில் பின்வாங்குகிறார். என் கணிப்பில் புத்தகத்தின் மிகக் கொடுமையான பக்கங்கள் அவை. கடைசிக் காட்சிகூட அதற்கு அடுத்துதான்.

பிறகு என்ன கெடுகிறது? லென்னியின் கை. மெத்தென்று இருப்பதைத் தடவ ஆசை. தடவப்பட்டது திமிறினால் பயம். பயந்தால் பிடி இறுகும். வீட் ஊரில் ஒரு பெண்ணின் உடையைப் பிடித்தபோதும், கடைசியில் கர்லியின் மனைவியின் கூந்தலைப் பிடித்தபோதும் நடந்தது இதே வரிசைதான். 400 பவுண்டு பொதியைத் தூக்கிப் போடுவான் என்று சொல்லித்தான் அவனுக்கு ஜார்ஜ் வேலை வாங்கிக் கொடுத்தான். சம்பளம் கொடுத்து வாங்கிய அதே வலுதான் அந்தப் பெண்ணின் கழுத்தை முறிக்கிறது.

இனி கணக்கை மறுபடி போடுங்கள். லென்னி இல்லாவிட்டால் 450இல் குறைவது 50 டாலர். அவ்வளவுதான். பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு கேண்டி கேட்பது இதைத்தான்: நீயும் நானும் வாங்கலாம் அல்லவா? 400 டாலரோடு அது இன்னும் கைக்கெட்டும் தூரம். ஜார்ஜ் பதில் சொல்லும் முன்பே கேண்டி தலையைக் குனிந்துகொள்கிறார். நடக்காது என்று முதலிலேயே தெரிந்திருந்தது போலும், லென்னி கேட்டுக் கேட்டு எனக்கும் நடந்துவிடும் என்று தோன்றிவிட்டது என்கிறான் ஜார்ஜ். இனி மாதம் முழுக்க உழைத்து, அந்த 50 டாலரைக் கொண்டுபோய் ஏதாவது விடுதியில் தொலைப்பானாம்.

பாட்டி கதையில் ஒரு வரி விட்டுப்போனால் குழந்தை எடுத்துக்கொடுக்குமே, லென்னி அப்படித்தான் அந்த நிலக்கதையைக் கேட்கிறான். கேட்க ஆள் இருந்தவரை ஜார்ஜுக்கு இரண்டரை டாலர் மிச்சமானது. பணம் சேர்வதற்கு நட்பு உதவியது என்று நாம் படிக்கிறோம். எனக்குப் படுவது வேறு. பணம் சேர்ப்பதற்கு ஜார்ஜிடம் இருந்த ஒரே காரணம் அந்த நட்பு.

கொலையா என்று கேட்டீர்கள். சட்டப்படி கொலைதான், உங்கள் குழுவோடு நான் வாதாடப் போவதில்லை. ஜார்ஜ் முன் இருந்த வழிகளை மட்டும் பாருங்கள். கர்லி துப்பாக்கியோடு வயிற்றில் சுடக் கிளம்பிவிட்டான். உயிரோடு பிடித்தால் கட்டிப்போட்டுக் கூண்டில் அடைப்பார்கள், அதுவும் சரியில்லை என்று சக தொழிலாளி ஸ்லிம் சொல்கிறார். ஜார்ஜ் எடுப்பது இன்னொரு கூலியாள் கார்ல்சனின் லூகர் துப்பாக்கி. கேண்டியின் கிழட்டு நாயைச் சுட்ட அதே துப்பாக்கி. தலையின் பின்புறம் எங்கே வைத்தால் துடிக்காது என்று கார்ல்சன் கால் நுனியால் சுட்டிக் காட்டுவது மூன்றாம் அத்தியாயத்தில். அந்நியன் கையில் விட்டிருக்கக் கூடாது, என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும் என்று பிறகு கேண்டி ஜார்ஜிடம்தான் சொல்கிறார். அன்று கொட்டடியில் அந்த நாய்க்காக யாராவது வாய் திறந்தார்களா என்று பாருங்கள். அந்தப் பக்கங்களைக் குழுவில் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.