சூடான சுவரில் மேடு சின்னதாகிவிடும்

கேள்வி: ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கலத்தின் மேற்பரப்பு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சொரசொரப்பாக இருக்கலாம்?

ஒரே எண்ணில் இதற்குப் பதில் கிடையாது. சுவரின், அதாவது காற்று உரசிப் போகும் மேற்பரப்பின், வெப்பநிலை தெரியாமல் சொல்லவே முடியாது. ஆய்வு மாணவனாக இருந்தபோது இதே கணக்கைத் தவறாகப் போட்டு இரண்டு மாதம் அலைந்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேகம் குறைந்த ஓட்டத்தில் விஷயம் தெளிவு. ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிகுராட்சே என்ற பொறியாளர், குழாய்களின் உட்புறம் சலித்த மணலை ஒட்டி, தண்ணீரை ஓடவிட்டு அளந்து 1933இல் வெளியிட்டார். ஓட்டம் எவ்வளவு கொந்தளித்தாலும் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் பாகுத்தன்மையின் (பாயும் பொருள் தனக்குள்ளேயே உரசித் தடுக்கும் குணம்) கைதான் ஓங்கியிருக்கும். மணல் அந்தப் படலத்துக்குள் அமிழ்ந்து கிடக்கும் வரை, வழவழப்பான குழாய்க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. தலையை வெளியே நீட்டினால் கதை வேறு. ஒவ்வொரு மணலுக்கும் முன்னால் அழுத்தம் கூடும், பின்னால் குறையும். அந்த வித்தியாசம் இழுவையாகச் சேரும். ஆக, மேட்டின் உயரத்தைப் படலத்தின் தடிமனோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, மாக் 3க்கு, அதாவது ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்துக்கு, வருவோம். சுவரருகே காற்று வேகம் இழக்கிறது, இழந்த ஆற்றல் வெப்பமாகிறது. 15 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று சுமார் மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். வெப்பம் உள்ளே கடக்காத சுவர் என்றால் அது 290 டிகிரி வரை ஏறிவிடும். சுவரை ஒட்டிய காற்றின் அடர்த்தி வெளியே இருப்பதில் 2.6இல் ஒரு பங்காகக் குறையும், பாகுத்தன்மையோ கூடும். இரண்டும் சேர்ந்து படலத்தைத் தடிமனாக்குகின்றன. தோராயமாகக் கணக்கிட்டால் படலத்தின் தடிமன் 50 மைக்ரான் வரும். அதே வேகம், அதே உயரம், ஆனால் சுவரை 27 டிகிரியில் குளிர்வித்து வைத்தால் சுமார் 20 மைக்ரான்தான். 40 மைக்ரான் மணல் முதல் சுவரில் மூழ்கிவிடும், இரண்டாவதில் துருத்தி நிற்கும். மணலில் எந்த மாற்றமும் இல்லை!

என் தவறு இங்கேதான். காற்றுச் சுரங்கத்தில் எடுத்த அளவுகளுக்கு வெளி ஓட்டத்தின் அடர்த்தியையும் பாகுத்தன்மையையும் போட்டேன். புள்ளிகள் எந்தக் கோட்டிலும் உட்காரவில்லை. கருவியைச் சந்தேகித்தேன், மணலைச் சந்தேகித்தேன். கடைசியில் என் வழிகாட்டி தாளைப் பார்த்துவிட்டு, “படலம் சுவர்ல இருக்குப்பா, நீ வெளியில இருக்கிற காற்றை ஏன் எடுக்கிற?” என்று கேட்டார். சுவர் மதிப்புகளைப் போட்டதும் பெரும்பாலான புள்ளிகள் நிகுராட்சேயின் மணல் குழாய் அளவுகள் தரும் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அப்புறம்தான் 1959இல் வந்த, கோடார்ட் என்ற ஆய்வாளரின் கட்டுரையைப் படித்தேன். மாக் 4.5 வரை அளந்து அவர் கண்டதும் இதுதான்: பரவலான சொரசொரப்பில் அதிவேகத்தின் விளைவு, சுவரருகே அடர்த்தி குறைவதன் வழியாகவே வருகிறது.

இதற்கும் எல்லை உண்டு. சுவரிலிருந்து சற்று மேலே ஓட்டம் ஒலிவேகத்தைத் தாண்டும் உயரம் ஒன்று இருக்கிறது. மேடு அதையும் மீறினால் ஒவ்வொரு மேடும் தன் பங்குக்கு ஓர் அதிர்ச்சி அலையை (காற்றழுத்தம் திடீரென எகிறும் மெல்லிய முகப்பு) கிளப்பும். அப்போது மணல் குழாய்க் கோட்டை நம்பக் கூடாது.

2005இல் டிஸ்கவரி விண்ணோடத்தின் அடிப்பக்க வெப்பக் காப்பு ஓடுகளுக்கு இடையிலிருந்து இரண்டு நிரப்புத் துண்டுகள் துருத்திக்கொண்டிருந்ததையும், விண்வெளி வீரர் ஸ்டீவ் ராபின்சன் விண்ணில் நடந்து போய் அவற்றைக் கையாலேயே உருவி எடுத்ததையும் சிலர் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே பயம் வேறு: சீராக இருக்கும் ஓட்டம் அந்தத் துருத்தலால் முன்கூட்டியே கொந்தளிப்பாக மாறி, ஓடுகள் கூடுதலாகச் சூடாகிவிடும் என்பது. இங்கே நான் சொல்வதோ ஏற்கெனவே கொந்தளித்த ஓட்டம் பற்றியது.

வெப்பம் பற்றியும் யோசிக்கிறீர்கள் என்றால், உராய்வு கூடிய அதே விகிதத்தில் வெப்பத்தையும் கூட்டிவிடாதீர்கள். கூடிய உராய்வில் பெரும்பகுதி மேட்டின் முன்பின் அழுத்த வித்தியாசத்தால் வருவது. வெப்பத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதனால் அது கூடும், ஆனால் குறைவாகவே கூடும். உங்கள் சுவரின் வெப்பநிலையையும் பறக்கும் உயரத்தையும் கீழே எழுதுங்கள், மைக்ரான் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.