வங்கியாளராக இருந்த வாங் சீஷான் சீனாவின் ஊழல் ஒழிப்புத் தலைவரானது எப்படி?

அவர் போலீஸ்காரரோ வழக்கறிஞரோ அல்ல. கல்லூரியில் வரலாறு படித்தவர். அப்புறம் வங்கித் துறைக்குப் போய், சீனக் கட்டுமான வங்கியின் தலைவரானார். 1998-இல் குவாங்டாங் மாகாண அரசின் முதலீட்டு நிறுவனம் கடனில் மூழ்கியபோது, அதைத் திவாலாக விட்டுச் சிக்கலைத் தீர்த்தவர்களில் ஒருவர். 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது பெய்ஜிங் மேயர் பொறுப்பும் அவரிடமே வந்தது. 'தீயணைப்பு வீரர்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

2012 நவம்பரில் ஷி சின்பிங் கட்சித் தலைவரானபோதே, கட்சிக்காரர்களின் ஊழலை விசாரிக்கும் மத்திய ஒழுங்கு ஆய்வு ஆணையம் வாங் கைக்கு வந்தது. இது அரசு அமைப்பு அல்ல, கம்யூனிஸ்ட் கட்சியின் உள் அமைப்பு. அதில்தான் அதன் பலமே இருந்தது. நீதிமன்றத்துக்குப் போகாமலே, வழக்கறிஞர் துணையின்றிக் கட்சிக்காரரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரிக்க அதனால் முடிந்தது. இந்த முறை எனக்கு ஏற்புடையதல்ல; விசாரணையில் சித்திரவதை நடந்ததாகப் புகார்களும் உண்டு.

ஆனால் இந்த ஊழல் ஒழிப்பு வேட்டையின் வீச்சு பெரிது. மாகாணங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் ஆய்வுக் குழுக்கள் போயின. நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையையே கையில் வைத்திருந்த சோ யோங்காங்குக்கு 2015-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த அளவு உயரத்தில் இருந்தவர் ஊழலுக்காகச் சிறை போனது அதுவே முதல்முறை. ஷியின் போட்டியாளர்களை ஒழிக்கவும் இது உதவியது என்பதையும் மறைக்க முடியாது.

2017-இல் அப்பதவியை விட்ட வாங், 2018 முதல் 2023 வரை துணை அதிபராக இருந்தார். அவருடைய நெடுநாள் உதவியாளர் துங் ஹோங்குக்கே 2022-இல் லஞ்ச வழக்கில், நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதிக்கப்பட்டது.