கிட்டார் ரிப்பேருக்கு என்ன கூலி கேட்பது? கேள்வி பதில்

கேள்வி (மதுரை): அண்ணா, வீட்டிலேயே ரிப்பேர் வேலை ஆரம்பிச்சிருக்கேன். பக்கத்துக் கடையில செட்டப்புக்கு (கம்பி உயரம், கழுத்து வளைவு எல்லாம் சரிபண்ற வேலை) 500 வாங்குறாங்க. நான் 400 கேட்கலாமா?

பதில்: அவர்கள் விலையைப் பார்த்து உங்கள் கூலியைப் போடாதீர்கள், தம்பி. கடைக்காரருக்குக் கம்பி, கிட்டார் விற்பதில் லாபம் வந்துவிடும். உங்களுக்கு இந்த வேலைதான் சோறு. வாடகை, கரண்ட், உப்புத்தாள், டூல்ஸ் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 20,000, வீட்டுச் செலவுக்கு 40,000 என்று வைத்துக்கொள்வோம். 25 நாள் வேலை பார்த்தாலும், கிட்டாரை மேசையில் போட்டு உட்காருவது நாளுக்கு 5 மணி நேரம்தான். மீதி போனிலும் சாமான் வாங்கும் அலைச்சலிலும் போய்விடும். 125 மணிக்கு 60,000 என்றால் மணிக்கு 480. ஒன்றரை மணி நேர செட்டப்புக்கு 720. 400-க்குச் செய்தால் கிட்டாருக்கு 320 நஷ்டம்.

கேள்வி: மணிக்கணக்கைச் சொன்னாலே ஆட்கள் தயங்குறாங்களே?

பதில்: அந்தக் கணக்கு உங்கள் நோட்டில் இருக்கட்டும். அவர்களிடம் இந்த வேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைச் சொல்லுங்கள். பழகாத வேலையில் இரண்டு மணி கூடுதலாகப் போனால் அது நீங்கள் கற்றுக்கொண்ட நேரம். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது.

கேள்வி (சென்னை): என் அக்கூஸ்டிக் கிட்டார் விலையே 6,000. வெயிலில் காருக்குள் வைத்ததில் பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை) தூக்கிவிட்டது. ஒட்ட 2,000 கேட்கிறார். நியாயமா சார்?

பதில்: நியாயம்தான். மெல்லிய தாள் ஒன்றை பிரிட்ஜின் பின் விளிம்பில் செருகிப் பாருங்கள். பாதி வரை உள்ளே போனால் சூடுகாட்டி முழுதாகக் கழற்றத்தான் வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை பழைய பசையைச் சுரண்ட வேண்டும். மேல்பலகையின் வளைவோடு பிரிட்ஜின் அடி படிகிறதா என்று பார்த்துத்தான் பசை போட வேண்டும். கிளாம்பில் ஒரு நாள் கிடக்கும். அதற்குக் காசில்லை, மூன்று நான்கு மணி நேரக் கை வேலைக்குத்தான் கூலி. வீட்டில் ஏற்கெனவே ஃபெவிகுவிக் விட்டிருந்தால் இன்னும் ஏறும், அது ஊறிய மரத்தில் மரப்பசை பிடிக்காது. லட்ச ரூபாய் கிட்டாருக்கும் இதே உழைப்புதான். ஆனால் கிட்டாரில் கைவைக்கும் முன்பே "விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகும், செய்யட்டுமா?" என்று கேட்க வேண்டியது அவர் கடமை. கேட்டிருந்தால் நம்பிக் கொடுங்கள்.

கேள்வி: ரீஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளை மாற்றுவதற்கு) எல்லா கிட்டாருக்கும் ஒரே ரேட் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கழுத்தின் ஓரத்தில் பைண்டிங் (ஒட்டிய பட்டை) இருந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டின் நுனியிலும் அடிப்பகுதியைத் தனியாக வெட்டணும். ஃப்ரெட் பதித்த பலகை மேப்பிள் மரம் என்றால் அதன்மேல் பூசிய லாக்கர் பெயராமல் கழற்றணும். ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் அரத்தையே தின்றுவிடும். மூன்றுக்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

கேள்வி (கோவை): நண்பர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

பதில்: பில்லில் முழுத் தொகையை எழுதி, கீழே தள்ளுபடியைக் காட்டுங்கள். வேலையின் மதிப்பு அவருக்கும் தெரியும், அவர் அனுப்பும் அடுத்த ஆளுக்கும் தெரியும்.

கேள்வி: பிரித்த பிறகு உள்ளே பிரேஸ் (பலகையைத் தாங்க உள்ளே ஒட்டிய மரச்சட்டம்) விட்டிருப்பது தெரிந்தால்?

பதில்: வேலையை நிறுத்துங்கள். போட்டோ எடுத்து அனுப்பி, புதுத் தொகையைச் சொல்லி, சரி என்று பதில் வந்த பிறகே தொடுங்கள். வேண்டாம் என்றால் அதுவரை செய்ததற்கு மட்டும் வாங்கிக்கொண்டு கிட்டாரைத் திருப்பிக் கொடுங்கள். சம்மதம் கேட்காமல் செய்த வேலைக்குப் பில் நீட்டாதீர்கள், அது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும்.