‘கேஸ் தள்ளுபடி’ என்றதும் தலையாட்டாதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பி மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்கா வந்து 14 மாதமாகிறது. எல்லையில் பிடித்து, பிறகு விட்டார்கள். காணி விற்ற காசை ஏஜென்ட் விழுங்கிவிட்டான். தஞ்ச மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் தவணை. அரசுத் தரப்பே கேஸைக் கைவிடும் என்கிறார்கள் சிலர். போனால் பிடிப்பார்கள், போகாதே என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்வது?

பதில்: ஏஜென்ட் கதையை நீதிபதி கேட்கமாட்டார். தம்பி அனுமதியின்றி நுழைந்தவர், வந்து இரண்டு வருடமாகவில்லை. எனக்கு இதுதான் முக்கியம்.

2025 மே முதல் நடப்பதைச் சொல்கிறேன். அரசு வழக்கறிஞர் எழுந்து வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்பார். கட்சிக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டுவார். வெளியே வந்தால் தாழ்வாரத்தில் முகமூடியோடு அதிகாரிகள். வழக்கு முடிந்தால் தஞ்ச விசாரணையும் போச்சு. தம்பியைப் போல அனுமதியின்றி நுழைந்து இரண்டு வருடமாகாதவர்களுக்கான ‘விரைவு நாடுகடத்தல்’ ஆரம்பிக்கும். அதில் ஓர் அதிகாரியின் நேர்காணல், கேட்டால் நீதிபதியின் சுருக்கமான மறுஆய்வு, அவ்வளவுதான். மேலே போகலாம் என்றால், எல்லையைத் தாண்டி 25 கெஜத்தில் பிடிபட்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில்தான் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைக் கிட்டத்தட்ட மூடியது. நாட்டின் எந்த மூலையிலும் இப்படி விரைவாக நாடுகடத்தலாம் என்ற 2025 ஜனவரி உத்தரவை ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் நிறுத்திவைத்தது உண்மை. அதை மட்டும் நம்பித் தம்பியை அனுப்பாதீர்கள்.

தள்ளுபடிக்குச் சம்மதமில்லை, எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும், மேல்முறையீட்டு உரிமையை விட்டுத்தரவில்லை: இந்த மூன்றும் பதிவாக வேண்டும். காணொளியில் ஆஜராக முன்கூட்டியே மனுப் போடுங்கள். அனுமதி வராவிட்டால் நேரில்தான். போகாமல் இருந்தால் அன்றைக்கே, ஆள் இல்லாமலேயே நாடுகடத்தல் உத்தரவு வந்துவிடும். அரசுக்கு அதைவிடச் சுலபமான வெற்றி கிடையாது.

இனிக் கசப்பான விஷயம். மனுவில் இருப்பது வேலையில்லை, கடன் என்பது மட்டும்தான் என்றால் அது தஞ்சம் ஆகாது. அப்படியானால் சண்டையை விட்டு, தாமாக வெளியேற ஆரம்பத்திலேயே அனுமதி கேளுங்கள். 120 நாள் வரை கிடைக்கலாம்; பெயரில் நாடுகடத்தல் உத்தரவும் இருக்காது. ஆனால் நாள் தவறினால் அபராதமும் பத்து வருடத் தடையும் வரும்.

அப்புறம், மனுவை எழுதியது அந்த ஏஜென்டின் ஆளா? தவணைக்கு முன் தம்பிக்கு அதைத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். ஒரே கதையை நாலு பேருக்கு எழுதிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தே பொய் மனு கொடுத்ததாக நீதிபதி முடிவெடுத்தால், குடிவரவுச் சலுகைகளுக்கான வாசல் ஆயுளுக்கும் அடைபடும்.