விலகிப் போனவை கண்ணில் படுவதில்லை

கேள்வி: கரையோரத்தில் எத்தனை படகு ஓடினாலும் டால்பின்கள் துள்ளிக்கொண்டு பக்கத்தில் வருகின்றன, துறைமுக வாயிலில்கூட இரை தேடுகின்றன. பிறகு, மனிதர்களால் அவற்றுக்குத் தொல்லை என்பது மிகைதானே?

பதில்: மிகை இல்லை. வருபவற்றை நீங்கள் பார்க்கிறீர்கள். விலகிப் போனவை கண்ணில் படுவதில்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்து ஓயாது. அதன் வாயிலில் டால்பின்கள் நீந்துவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். அவை வருவது மீனுக்காக. இரை இருக்கும்வரை இரைச்சலைப் பொறுத்துக்கொள்கின்றன. இரைச்சல் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் டால்பின் காட்டும் சுற்றுலாப் படகு ஒன்றிலிருந்து இரண்டானது. ஒன்றே ஒன்றுதான் கூடியது. அந்தப் பகுதியில் டால்பின்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டன என்று 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சுற்றுலாப் படகு போகாத பக்கத்துப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. மிஞ்சியவற்றை மட்டும் பார்ப்பவர் 'பழகிவிட்டன' என்றுதான் சொல்வார்.

துள்ளலைவிட அவற்றின் தூக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஹவாய்த் தீவுகளின் ஸ்பின்னர் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டு, பகலில் ஆழம் குறைந்த மணல் விரிகுடாக்களில் ஒதுங்குகின்றன. ஒன்றையொன்று ஒட்டியபடி மெதுவாக நீந்தும். ஒன்றாக அமிழும், ஒன்றாக மேலே வந்து மூச்செடுக்கும். மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கும். பார்ப்பவருக்கு அது சும்மா நீந்துவதாகத் தெரியும். அங்கே ஒரு படகு நுழைந்தால் ஓய்வு கெட்டது. இரவில் திரும்பவும் வேட்டைக்குப் போக வேண்டுமே! அதனால்தான் 2021இல் அமெரிக்க அரசு, ஹவாய்க் கரையோரத்தில் அவற்றை 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்கத் தடை போட்டது. நீந்திப் போகிறவர்களுக்கும் அந்தத் தடை உண்டு.

படகின் முன்னால் எழும் அலையில் அவை சவாரி செய்வது உண்மையான விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அவற்றின் விருப்பத்தில் நடக்க வேண்டும். அப்புறம், கையால் மீன் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், படகு எங்கே என்று அவை தேடி வந்து, படகின் அடியில் சுழலும் விசிறியில் அடிபடும்.

அடுத்த முறை படகில் போனால், குறுக்கே மறிக்காமல், வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் தள்ளியே போகச் சொல்லுங்கள். கூட்டத்தில் குட்டி தெரிந்தால் படகைத் திருப்பச் சொல்லுங்கள்.